இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க எந்த நாடு: வளைகுடாவா, மாலத்தீவா, தாய்லாந்தா, ஜப்பானா?

எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு மன்னார்குடி, திருவாரூர், மாயவரம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் 15,000-க்கும் 18,000-க்கும் நாளைக்கு ஏழு பீரியட் எடுத்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த நாட்டுக்குப் போகலாம்?" மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள் என்பதால் கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் கிடைக்கிற "ஆங்கிலம் கற்பிக்கச் சிறந்த பத்து நாடுகள்" பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அதைப் படித்துவிட்டு கொரியா, சீனா என்று கனவு கண்டு ஆறு மாதத்தை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதற்கு முன்னால், நம் பாஸ்போர்ட்டுக்கும் நம் சான்றிதழுக்கும் எந்த நாடு கதவைத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். சம்பளக் கணக்கெல்லாம் அப்புறம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். ஒன்று, கதவு: பாஸ்போர்ட், டிகிரி, பி.எட்., பள்ளியில் படித்த மீடியம். இரண்டு, மாதாமாதம் வீட்டுக்கு வந்து சேருகிற ரூபாய். சம்பளம் எவ்வளவு என்பது வேறு, இங்கே அம்மாவின் கணக்கில் விழுவது எவ்வளவு என்பது வேறு. மூன்று, கிளம்புவதற்கு முன்னாலேயே கையை விட்டுப் போகிற பணம். நம்மில் பலருக்கு அது நகையை அடகு வைத்து வருகிற பணம், அதனால் வட்டியையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நான்கு, அங்கே அன்றாடம் எப்படி இருக்கும், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியுமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா. ஐந்து, திரும்பி வந்தால் அந்த அனுபவம் எதற்காவது உதவுமா.

இதில் இன்னொரு பிரிவும் இருக்கிறது, இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வளைகுடாவிலும் மாலத்தீவிலும் நம்மை எடுப்பது பி.எட். படித்த பாட ஆசிரியராக. அங்கே நம் பயிற்சிக்கு மதிப்பு. தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான், கொரியாவில் ஆங்கிலம் பேசுகிற வெளிநாட்டவராகத்தான் எடுக்கிறார்கள், அங்கே "தாய்மொழி ஆங்கிலமா?" என்ற கேள்வி எப்போதும் முன்னால் நிற்கும். பத்து வருடம் பாடம் நடத்தியவரையும் ஒரு வருடம்கூட வகுப்பறையைப் பார்க்காத அமெரிக்கப் பையனுக்குக் கீழே வைப்பார்கள். அது அநியாயம்தான், ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது.

## வளைகுடா

அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போன ஆள் இல்லாத தெரு கிடையாது. அதனால் துபாய், மஸ்கட், கத்தார் என்றால் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. அங்கே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கிற இந்தியப் பள்ளிகள் நிறைய. பி.எட்.டும் இரண்டு மூன்று வருட அனுபவமும் இருந்தால் கதவு திறக்கிறது. ஏப்ரலில் வகுப்பு தொடங்குவதால் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் ஆள் எடுக்கிற காலம். துபாயில் ஆசிரியர் நியமனத்துக்கு அங்குள்ள கல்வி ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, அது பெரிய லாபம். ஆனால் ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, அடிப்படைச் சம்பளத்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம் பணிக்கொடையாக வரும், அதுவும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஒருவருக்கு 4,000 திர்ஹாம் என்று சொல்லி அடிப்படை 1,800, மீதி எல்லாம் அலவன்ஸ் என்று எழுதியிருந்தால் ஐந்து வருடம் கழித்து வருவது 6,300 திர்ஹாம். அதே 4,000-இல் அடிப்படை 3,000 என்றிருந்தால் 10,500. கையெழுத்துப் போடுகிற அன்று ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐந்து வருடம் கழித்து ஒரு லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வித்தியாசம் நிற்கும்.

யாரும் சொல்லாத இன்னொன்று. கணவர் விசாவில் ஏற்கெனவே அங்கே குடியிருக்கிற பி.எட். படித்த பெண்கள் ஏராளம். அவர்களை எடுத்தால் பள்ளிக்கு விசாச் செலவு இல்லை, வீடு கொடுக்க வேண்டாம், டிக்கெட் வேண்டாம். அதனால் அவர்களுக்குக் கொடுக்கிற குறைந்த சம்பளமே எல்லாருக்கும் அளவாகிவிடுகிறது. ஊரிலிருந்து போகிறவர் வீட்டு வாடகை யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் கிளம்பவே கூடாது. துபாயில் வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும், ஓமனின் மஸ்கட்டில் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். இரண்டு பிள்ளை இருந்தால் அந்தச் சலுகை ஒன்றே முடிவை மாற்றும்.

குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு, நாலைந்து வருடம் ஒரே இடத்தில் நின்று சேர்க்க நினைப்பவர்களுக்கு, என் வாக்கு இதற்குத்தான். திருச்சியிலிருந்து நேர் விமானமும் இருக்கிறது, வீட்டில் ஒரு அவசரம் என்றால் மறுநாள் வந்துவிடலாம்.

## மாலத்தீவு

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், வாழ்ந்த இடம். அங்கே பள்ளிகளில் திவேஹி மொழியும் சமயப் பாடமும் தவிர மற்றவை ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, பெரிய வகுப்புகள் கேம்பிரிட்ஜ் தேர்வை நோக்கிப் போகின்றன. உள்ளூரில் ஆசிரியர் போதாமல் இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும், பல வருடங்களாக ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற பேச்சே இல்லை. பிள்ளைகள் அருமையான பிள்ளைகள். என் ஐந்தாம் வகுப்பில் 14 பேர்தான். இங்கே 52 பேரை வைத்துக்கொண்டு கத்திய எனக்கு முதல் மாதம் அது பள்ளிக்கூடம் மாதிரியே தெரியவில்லை, ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற சுகத்தை அங்கேதான் கண்டேன்.

சரி, பணம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சம்பளம் அந்த நாட்டு நாணயமான ருஃபியாவில். அரசு விகிதம் டாலருக்கு 15.42 ருஃபியா. ஆனால் நாட்டில் டாலர் பஞ்சம் எப்போதும் இருக்கிறது, வெளியே டாலர் வாங்கப் போனால் 18, 20 என்று சொல்வார்கள். 20-க்கு வாங்கினால் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி காற்றில் போய்விட்டது என்று அர்த்தம், அதோடு அது சட்டப்படியான வழியும் அல்ல. வங்கி வழியாக அனுப்பலாம் என்றால் மாதத்துக்கு இத்தனை டாலர்தான் என்று வரம்பு, அது சில வருடங்களாகவே இறங்கிக்கொண்டு வந்து 2025-இல் ஊரிலிருக்கிற குடும்பச் செலவுக்கே போதாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. நான் இருந்தபோதே 2016-இல் வெளிநாட்டவர் அனுப்புகிற பணத்துக்கு 3 சதவீத வரி போட்டார்கள், பிறகு 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆக, சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்லாதீர்கள். இந்த மாதம் வங்கி வழியாக எவ்வளவு டாலர் அனுப்ப முடிகிறது என்று அங்கே இப்போது வேலை பார்க்கிற ஒருவரிடம் கேட்டு, அந்த எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சாப்பாடு. சூரை மீனும் தேங்காயும் தாராளம். காய்கறி எல்லாம் படகில் வர வேண்டும், தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகு வராது, கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும் இருக்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முதல் வருடம் கஷ்டப்படுவார்கள். அது முழுக்க இஸ்லாமிய நாடு, வழிபாட்டுக்கான சிலைகளைக் கொண்டுபோகச் சுங்கத்தில் அனுமதி இல்லை, வெளிப்படையாக வேறு மத வழிபாடும் கூடாது. தை வெள்ளியும் ஆடிப்பெருக்கும் கோயிலோடு வளர்ந்தவர்கள் இதை யோசித்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். எனக்கு அப்பா இறந்த செய்தி வந்தபோது என் தீவிலிருந்து தலைநகர் மாலேக்குப் படகு மறுநாள் காலையில்தான். திருவனந்தபுரத்துக்கு விமானம் ஒரு மணி நேரச் சொச்சம், ஆனால் மாலேக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நாடு தூரம் இல்லை, தீவுதான் தூரம்.

இவ்வளவு சொல்லியும், தனியாக இருக்கிற, இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கிற ஒருவருக்கு இதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காரணம் பணம் அல்ல, கேம்பிரிட்ஜ் பாடத்திட்ட அனுபவம். சி.பி.எஸ்.இ. மட்டும் தெரிந்தவரை எட்டிப் பார்க்காத வளைகுடாவின் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள், மாலத்தீவில் ஓ லெவல் (பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் தேர்வு) வகுப்பு எடுத்தவரின் விண்ணப்பத்தை எடுத்துப் படிக்கின்றன. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் அப்படித்தான் அங்கிருந்தே வளைகுடாவுக்குப் போனார்கள்.

## தாய்லாந்தும் வியட்நாமும்

பி.எட். இல்லை, ஆனால் டிகிரி இருக்கிறது, ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன், வயது இருபத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை என்கிறவர்களுக்கு இந்தக் கதவு. தாய்லாந்தில் ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம், வேலைக்கான விசா, வொர்க் பெர்மிட், ஆசிரியர் கவுன்சிலின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். நம்மைப் போலத் தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களிடம் ஆங்கிலத் திறனைச் சோதிக்கிற டோயிக் தேர்வில் 600 அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 5 கேட்பது வழக்கம். வியட்நாமில் டிகிரியோடு டெஃப்ல் அல்லது செல்ட்டா மாதிரி ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஒரு பயிற்சிச் சான்றிதழும், தூதரக முத்திரையோடு காவல்துறைச் சான்றும் வேண்டும்.

தாய்லாந்து விளம்பரங்களைப் பாருங்கள்: ஆங்கில நாட்டவருக்கு 35,000 பாட் என்கிற அதே வேலைக்கு ஆசிய நாட்டவருக்கு 20,000, 25,000 என்று இருக்கும். பாட்டுக்குச் சுமார் இரண்டரை ரூபாய் என்று வைத்தால் 25,000 பாட் 62,500 ரூபாய். மாகாண ஊரில் அறை வாடகை 5,000, சாப்பாடு 8,000, வண்டி போன் 2,000 போனால் மிச்சம் 10,000 பாட், அதாவது 25,000 ரூபாய். அதிலும் ஏஜென்சி ஒப்பந்தம் பல நேரம் பத்து மாதத்துக்குத்தான், மார்ச், ஏப்ரல் விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தம் பத்தா, பன்னிரண்டா என்பதைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. "டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், பேப்பர் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இதை நம்பி ஒரு ஆளிடம் ஒன்றரை லட்சம் கொடுத்தான். மூன்று மாதம் ஒரு டியூஷன் சென்டரில் பேப்பரே இல்லாமல் பாடம் எடுத்து, பாதிச் சம்பளத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அவன் திரும்பியாவது வந்தான். 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்தார்களே, அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளியின் பெயர், ஊர், விசா வகை மூன்றும் எழுத்தில் இல்லாத எந்த வேலைக்கும் விமானம் ஏறக் கூடாது.

சேமிப்பு குறைவு, ஆனால் செலவழிக்கிற காசுக்கு நல்ல வாழ்க்கை, வெளியுலகம் தெரியும், தனியாக வாழக் கற்றுக்கொள்ளலாம். ஊரில் கடன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் போய்வரலாம். தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டும் என்கிறவர் போக வேண்டாம்.

## ஜப்பானும் கொரியாவும்

ஜப்பான் பள்ளியில் துணை ஆசிரியராக விசா வாங்க, ஆங்கில வழியில் பன்னிரண்டு வருடம் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். முதல் வகுப்பிலிருந்து ஆங்கில மீடியம் படித்தவருக்கு இது எளிது. நம் ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து, முட்டி மோதி மேலே வந்தவர்களுக்கு பி.ஏ., எம்.ஏ., பி.எட். எல்லாம் கூட்டினாலும் ஏழு வருடம்தான் வரும். நானும் அப்படி வந்தவள்தான். வகுப்பில் ஆங்கில மீடியம் படித்தவர்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற பலர் இந்த ஒரு வரியில் வெளியே நிற்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கதவு திறக்கிறவர்களுக்கு: சம்பளம் மாதம் இரண்டேகால், இரண்டரை லட்சம் யென் அளவில் வரும். முதல் வருடம் கை நிறையத் தெரியும். இரண்டாம் வருடம் ஜூன் மாதத்திலிருந்து, போன வருட வருமானத்துக்கான குடியிருப்பு வரி சுமார் 10 சதவீதம் பிடிக்கத் தொடங்குவார்கள், அதை எதிர்பார்க்காதவர்கள் திணறுகிறார்கள். வீடு எடுக்க முன்பணமும் அதிகம். ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு அங்கேயே நிலைக்க நினைப்பவருக்குத்தான் இது சரி.

கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டவருக்கு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தில் ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்கள் அரசுப் பள்ளியில் துணை ஆசிரியராக ஒரு வழி இருக்கிறது, ஆனால் இடம் மிகக் குறைவு. அதையே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பிரிட்டன் பற்றியும் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் இந்திய ஆசிரியர்களுக்கும் அங்கே தகுதிச் சான்று பெற வழி திறந்தார்கள், உண்மைதான். ஆனால் அது கணிதம், அறிவியல், பிறமொழி ஆசிரியர்களுக்கு. ஆங்கில ஆசிரியருக்கு இல்லை.

## எந்த நாடானாலும் இந்தக் காகிதங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். சான்றிதழில் ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் வேறு. இன்னும் மோசம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பது. 2022 நவம்பரிலிருந்து அமீரகம் விசிட் விசாவில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை, இன்டர்வியூவுக்கு விசிட் விசாவில் போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

அஞ்சல் வழியில் எம்.ஏ., பி.எட். முடித்தவர்கள் நம் பக்கம் அதிகம். பல நாடுகளில் சான்றிதழைச் சரிபார்க்கும்போது நேரடி வகுப்பா, அஞ்சல் வழியா என்று கேட்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே வேலை தருகிற பள்ளியிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஓமன், பஹ்ரைன், சவூதி, ஜப்பான், கொரியாவுக்கு நம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழில் போடுகிற அப்போஸ்டில் என்ற சரிபார்ப்பு முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்குத் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அட்டெஸ்டேஷனும் (சான்றொப்பம்) வேண்டும், செலவும் நாளும் கூடும்.

ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அமீரகச் சட்டப்படி விசா, ஆள்சேர்ப்புச் செலவுகளைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

## யாருக்கு எது

பி.எட்., மூன்று வருட அனுபவம், குடும்பம் இருக்கிறது: ஓமன் முதலில், வீட்டு வாடகை பள்ளி தருவதானால் அமீரகம். பி.எட். இருக்கிறது, தனி ஆள், அனுபவம் குறைவு: மாலத்தீவு இரண்டு வருடம், அங்கிருந்து வளைகுடா. பி.எட். இல்லை, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை: தாய்லாந்து. முழுக்க ஆங்கில மீடியம், மொழி கற்கிற பொறுமை, நீண்ட காலத் திட்டம்: ஜப்பான். மாதம் 20,000 ரூபாய்கூட மிஞ்சாது என்று கணக்கு வந்தால், எந்த நாடானாலும் வேண்டாம். அந்தக் காசை ஊரிலிருந்தே மாலையில் ஆன்லைன் டியூஷன் எடுத்துச் சம்பாதித்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேர்வை எழுதித் தேர்ச்சிபெற்று வைத்துவிடுங்கள். 2021-இலிருந்து அந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். நான் எழுதாமல் போனேன், நான்கு வருடம் கழித்து வந்து சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து குழந்தை மேம்பாடும் உளவியலும் மறுபடி படித்தேன்.